புதுக் கேம் சாஃப்ட்டும் தேவாரத்து மாமனாரும்

ஏலே தம்பி,

நேற்று மதியம் திராட்சையை ஏற்றிக்கொண்டு எர்ணாகுளத்துக்குக் கிளம்பியவன், லோயர் கேம்ப் தாண்டுவதற்குள் போனை அணைத்துவிட்டாய். நீங்கள் அழைத்தவர் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் தமிழில் சொன்னாள், குமுளிக்கு அந்தப் பக்கம் போனதும் மலையாளத்தில் சொன்னாள். வரப்போகிற மருமகளிடம் பேசியதைவிட அவளிடம்தான் நான் அதிகம் பேசியிருக்கிறேன். அதனால் இதை நம் பள்ளத்தாக்கு வண்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறேன். எர்ணாகுளத்துச் சந்தையில் டீ குடித்துக்கொண்டு நிற்கிற நம்ம ஊர்க்காரன் எவனாவது தன் போனை உன் மூக்குக்கு நேராக நீட்டாமலா போவான்? மற்றவர்களும் தாராளமாகப் படிக்கலாம். கேம் சாஃப்ட் மாற்றப்போகிறவர்களுக்குப் பாதிக் கடிதம் உதவும், பெண் எடுக்கப்போகிறவர்களுக்கு மீதிப் பாதி உதவும்.

கல்யாணம் நின்றுபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டுதான் நீ மலை ஏறியிருக்கிறாய். மாமனார் முன்னால் சத்தம் போட்டாயிற்று, பெற்ற அப்பனை ஊர் பார்க்க அடித்தாயிற்று, இனி எவன் பெண் கொடுப்பான் என்று குமுளி வரைக்கும் மனசுக்குள் ஒப்பாரி வைத்திருப்பாய். நின்றதா, நிற்கவில்லையா என்பதை நான் இப்போது சொல்லப்போவதில்லை. கட்டைவிரலால் தள்ளிக் கடைசி வரியைப் பார்க்கவும் வேண்டாம். நீ அப்படிச் செய்வாய் என்று தெரிந்துதான் கடைசி வரியில் வைக்காமல் வேறு இடத்தில் வைத்திருக்கிறேன். இந்தச் சங்கதியில் உனக்குத் தெரியாத ஒரு பாதி இருக்கிறது. அதைப் படித்த பிறகு மற்றதைத் தெரிந்துகொள்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், குழுவில் இருக்கிற மற்றவர்களுக்காக. என் லாரி குமுளி மலையில் ஒவ்வொரு வளைவிலும் முனகிக்கொண்டு ஏறும். பின்னால் வருகிற எஸ்டேட் ஜீப்புகள் ஹாரன் அடித்தே என் காதைப் பாதி தின்றுவிட்டன. வண்டியைக் கிழடு தட்டிவிட்டது என்று விற்கத்தான் இருந்தேன். கம்பத்துப் பட்டறையில் வேலை பார்க்கிற நீதான் என்ஜினுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வந்தாய்.

“அப்பா, வண்டிக்கு வயசாகல. கேம் சாஃப்ட்டு தேஞ்சுருச்சு. வால்வு தொறக்க வேண்டிய அளவு தொறக்க மாட்டேங்குது. அதான் மூச்சுத் தெணறுது.”

“எனக்குந்தான் மாடி ஏறுனா தெணறுது. எனக்கு எதை மாத்தப் போற?”

“ஒங்களுக்கு பார்ட்ஸ் வர்றதில்லப்பா.”

இந்த வாய் எனக்குப் பிறந்த வாய்தான் என்று அன்றைக்குப் பெருமையாக இருந்தது. தேய்ந்ததற்குப் பதில் அதே மாதிரி ஒன்றைப் போடாமல், இதே என்ஜினுக்குப் பிற்காலத்தில் வந்த நல்ல கேம் சாஃப்ட்டைப் போடலாம் என்றாய். வால்வு கொஞ்சம் கூடுதலாகத் திறக்கும், மலையில் குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைக்கும் என்றாய். கேம் சாஃப்ட் என்கிற அந்தத் தண்டின் மேல் முட்டை முட்டையாக மேடுகள் இருக்கின்றன, ஒவ்வொரு மேட்டின் முகத்திலும் உரசிக்கொண்டு ஒரு டேப்பட் ஏறி இறங்குகிறது, அது ஏறினால் வால்வு திறக்கும், இறங்கினால் மூடும் என்று எனக்குப் பாடம் நடத்தினாய். இத்தனை வருஷம் ஓட்டியவனுக்கு அதுகூடத் தெரியாதா என்று நான் முறைத்தேன். உண்மையில் பாதிதான் தெரியும்.

டேப்பட்டையும் புதுசாகத்தான் போட வேண்டும் என்று நீ ஒற்றைக் காலில் நின்றாய். பழையது பளபளவென்றுதானே இருக்கிறது, அதையே போடு என்றேன். “அந்தப் பளபளப்புதாம்ப்பா கோளாறு. அது பழைய மேட்டோட ஒரசி ஒரசி அதுக்கேத்த மாதிரி தேஞ்சு பழகிருச்சு. புது மேட்டுல கொண்டு போயி வச்சா தானும் கெடும், புதுசையும் தின்னுரும்” என்றாய். நான் வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பி, “அப்ப மருமக வர்றப்ப நம்மளும் மாறணும்னு சொல்றானா ஒங்க மகன்?” என்று கேட்டாள். லாரியைப் பற்றி இந்த வீட்டில் வாயைத் திறக்க முடியவில்லை பார். ஆனால் அவள் கேட்டதைத் தள்ளிவிடாதே. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தேய்ந்து பழகியவர்கள். அந்தப் பெண் வந்து எங்கள் தேய்மானத்துக்குத் தகுந்த மாதிரி தன்னைத் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் எதிர்பார்த்தால், அது எங்கள் பளபளப்பில் உள்ள கோளாறு. அப்போது நீ அதைச் சொல்ல வேண்டும். சொல்வாயா என்பதுதான் இந்தக் கடிதத்தின் கவலை.

வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முதல் நாள் சாயங்காலம் பட்டறையில் நீ சொன்னது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. மேடுகள் மேலும் டேப்பட் முகங்கள் மேலும் கருப்பாக ஒரு பசையை அப்பியிருந்தாய், உன் மூக்கிலும் கொஞ்சம் இருந்தது. ஆயில் பில்டரை மாட்டுவதற்கு முன்னாலேயே அதில் ஆயிலை ஊற்றி நிரப்பினாய். “நம்ம என்ஜின்ல டேப்பட்டுக்குன்னு தனியா ஆயில் குழா கெடையாதுப்பா. கிராங்க் சுத்தறப்ப செதறி அடிக்குமில்ல, அந்த ஆயில்தான் அதுக்குத் தீனி. வேகமாச் சுத்துனாத்தான் அங்கன போயிச் சேரும். ஸ்லோவுல ஓடுனா போகாது. புதுசும் புதுசும் ஒரசறப்ப ஆயில் இல்லேன்னா ஒண்ண ஒண்ணு கடிச்சுத் தின்னுரும். அதனால ஸ்டார்ட் ஆன நிமிசமே வேகத்த ஆயிரத்தைநூறு சுத்துக்கு மேல தூக்கி, இருபது நிமிசம் அப்பிடியே வச்சிருக்கணும். மொத்த வண்டியும் ஆடுனாலும் எறக்கக் கூடாது.” பந்தியில் கடைசி இலைக்காரன் நிலைமைதான் டேப்பட்டுக்கு என்று நான் புரிந்துகொண்டேன். பரிமாறுகிறவன் ஓட்டமாக வந்தால்தான் அவனுக்குச் சோறு, ஆடி அசைந்து வந்தால் வெறும் இலை.

எல்லாம் தெரிந்துகொண்டுதான் மறுநாள் காமயகவுண்டன்பட்டிப் பிள்ளையார் கோயில் முன்னால் வண்டியை நிறுத்தினோம். உனக்குப் பூ வைத்து முடித்திருந்த நேரம். தேவாரத்திலிருந்து உன் மாமனார் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். வாழைக்காய் மண்டிக்காரர், குரல் மட்டும் ஒரு தார் எடை இருக்கும். நாங்கள் வழக்கம்போல வண்டிக்குப் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தை வைத்து, அதற்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணலாம் என்று நின்றோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தேவாரத்துப் பக்கம் கிணற்று மோட்டாரைப் பழுது பார்த்தால், மோட்டாரைப் போட்டு, தண்ணீர் வாய்க்காலில் விழ ஆரம்பித்த பிறகுதான் சூடம் காட்டுவார்கள். “ஓடுறதுக்குத்தான் சம்பந்தி சூடம் காட்டணும். நிக்கிறதுக்குக் காட்டுனா என்ன இருக்கு? வெறும் இரும்புதான?” என்றார். அதோடு, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிவிட்டால் தேங்காய் உடைக்கிற வரைக்கும் அணைக்கக் கூடாது. அதுவும் அவர்கள் பக்கத்து முறை.

நீ ஸ்டார்ட் பண்ணினாய். முதல் மூச்சிலேயே பிடித்தது. உடனே தூக்கினாய். கோயில் மணியே அதிர்ந்தது. உன் மாமனார் கையை உயர்த்தி, “மாப்ள, கொஞ்சம் கொறைங்க, பிள்ளையாரு எலியத் தேடி ஓடிறப் போறாரு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ குறைத்தாய்.

குறைத்தவன் பிறகு ஏற்றவில்லை. போடியிலிருந்து பெண்ணின் பெரியப்பா வர வேண்டும், அவர் வந்தால்தான் தேங்காய் என்றார்கள். அவர் வழியில் டயர் பஞ்சர் என்றார், பிறகு ரயில்வே கேட் என்றார். வண்டி ஸ்லோவில் குறுகுறுவென்று ஓடிக்கொண்டே இருந்தது. பெண்கள் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து நீ ஆயில் மீட்டரையும் மாமனாரையும் மாறி மாறிப் பார்த்தாய். இரண்டு தடவை வாயைத் திறந்தாய், இரண்டு தடவையும் மூடிக்கொண்டாய். மீன் தொட்டியைப் பார்ப்பதுபோல நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பார்ட்ஸ் வராது என்று பட்டென்று சொன்ன வாய், வேட்டி மடிப்புக் கலையாத ஒரு மனிதருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது இந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரியும், போட்டோவே போட்டார்கள். முதல் நடை, முழு லோடு, கோட்டயத்துக்குப் பன்னீர் திராட்சை. மலையில் மூன்றாவது வளைவு தாண்டும்போது என்ஜினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுகிற மாதிரி டக்டக் என்று சத்தம். நான்காவது வளைவில் கருப்புப் புகை. அதற்கு மேல் இழுவையே இல்லை. வெயிலில் பெட்டிகளின் அடியிலிருந்து சாறு ஒழுக ஆரம்பித்தது. பக்கத்தில் வந்த ஜீப் டிரைவர் ஒருத்தன் வேகத்தைக் குறைத்து, “என்ன அண்ணாச்சி, ரோட்டுலயே ஒயினு காச்சுறீகளா?” என்று கேட்டுவிட்டுப் போனான். வேறு நேரமாக இருந்தால் அவனுக்கு ஒரு கிளாஸ் ஊற்றிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

என்ஜினைப் பிரித்தபோது முட்டை மேடுகள் பாதிக்கு மேல் மழுங்கி உருண்டையாகிப் போயிருந்தன. புது டேப்பட்டின் முகம் கொத்திப் போட்ட அம்மி மாதிரி குழி குழியாக இருந்தது. ஆயிலில் கைவைத்தால் இரும்புத் தூள் மினுக்கியது. கேட்டவர்களிடமெல்லாம் நீ ஒரே பதிலைச் சொன்னாய்: “நாந்தான் தப்பா மாட்டிட்டேன்.” பட்டறை முதலாளியிடமும் அதே, அம்மாவிடமும் அதே, தேவாரத்துக்குப் போனிலும் அதே.

தேவாரத்தில் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பூசை போட்டு எடுத்த வண்டி முதல் நடையிலேயே மலையில் நின்றுவிட்டது, அதுவும் பூ வைத்த வாரத்தில். உன் மாமனார் எனக்குப் போன் போட்டு, “மாப்ள மேல குத்தமில்ல சம்பந்தி. ஆனா வீட்டுப் பொம்பளைக மொகம் சரியில்ல. எங்க அக்கா ரொம்ப யோசிக்கிறாக. ஆவணி வேணாம், தள்ளிப் பாப்போம்” என்றார். தள்ளிப் பார்ப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். நின்ற வண்டியைத்தான் தள்ளிப் பார்ப்பார்கள்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த பாதி. இனி தெரியாதது.

அந்த வாரமே சுகன்யா எனக்குப் போன் பண்ணினாள். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் என்னோடு தனியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. “மாமா, அவுக தப்பா மாட்டல. எங்கப்பா ஸ்லோ பண்ணச் சொன்னதுலதான் போச்சு. இத அப்பாட்டயும் அவுக அக்கா, எங்க அத்தைட்டயும் சொல்லவே கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாக.”

“அப்பறம் எங்கிட்ட ஏன் ஆத்தா சொல்ற?”

“ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அவுக சொல்லலையே மாமா.”

தம்பி, இந்தப் பெண் நம் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று அந்த நிமிஷம் முடிவு செய்தேன். நான் ஒருத்தனே எத்தனை காலத்துக்கு இந்த வீட்டில் குறும்பு பண்ணிக்கொண்டிருப்பது?

மறுநாள் தேவாரம் பஸ்ஸில் ஏறினேன். மண்டிக்குப் போகாமல் நேராக வீட்டுக்குப் போனேன். ஒரு தாம்பாளம் கேட்டு வாங்கி, வெற்றிலை, பாக்கு, ஆப்பிள் எல்லாம் வைத்து, நடுவில் அந்தக் குழி விழுந்த டேப்பட்டை வைத்து, இரண்டு கையாலும் நீட்டினேன். அவரும் பழக்க தோஷத்தில் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் பார்த்தார்.

“என்ன சம்பந்தி இது, காளான் மாதிரி இருக்கு?”

“காளாந்தான். ஒங்க சூடத்துல வெந்தது.”

சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஆயில் எப்படிச் சிதறும், ஸ்லோவில் ஏன் சேராது, அந்த இருபது நிமிஷம் எதற்கு என்று நீ எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன். சகுனமும் இல்லை, சாமி கோபமும் இல்லை, கடைசி இலைக்குச் சோறு போகவில்லை, அவ்வளவுதான் என்றேன். பிரச்சினை தீர்ந்தது, காப்பி வரும் என்று நினைத்தேன். அவர் அந்த டேப்பட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குழிகளை நகத்தால் தடவினார்.

“எனக்குத் தெரியாது, சரி. இது மாப்ளைக்கு அன்னைக்கே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா பேசாம ஒக்காந்துருந்தாக?”

“ஒங்க மேல உள்ள மரியாதைதான்...”

“என்ன மரியாதை சம்பந்தி?” என்றார். குரல் ஏறவில்லை, இறங்கிவிட்டது. “நாளைக்கு ஒங்க வீட்டுல எம்மகளுக்கு ஒரு சங்கடம்னு வச்சுக்கங்க. எதுத்தாப்புல நீங்க நிக்கிறீக, சம்பந்தியம்மா நிக்கிறாக. அவ பக்கம் நாயம் இருக்குன்னு மாப்ளைக்குத் தெரியுது. அப்பவும் மரியாதைக்காக வாயப் பொத்திக்கிட்டுத்தான் நிப்பாகளா? வண்டியாவது போச்சுன்னா வேற பார்ட்டு வாங்கிப் போட்டுக்கலாம். சகுனம் கிகுனமெல்லாம் எங்க அக்கா சொல்றது. எனக்கு இப்ப இதுதான் யோசனையா இருக்கு.”

என் வாழ்க்கையில் யாருக்காவது பதில் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறேன் என்றால் அது அன்றைக்குத்தான். நான் கொண்டுபோன விளக்கம் நம்மைக் காப்பாற்றும் என்று போனேன், அதுவே உன்னை இன்னும் ஒரு படி கீழே இறக்கிவிட்டது. வாசல் வரைக்கும் வந்து, “வண்டியத் திருப்பி எடுக்குற அன்னைக்குச் சொல்லுங்க. வர்றேன். அப்பறம் பேசுவோம்” என்றார்.

இதை உன்னிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ பேசியிருப்பாய். மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து ஒப்பித்திருப்பாய். மாமனார் நல்ல வியாபாரி, தாரைத் தட்டிப் பார்த்தே எப்போது பழுக்கும் என்று சொல்கிறவர், ஒப்பிக்கிறதைக் கண்டுபிடித்துவிடுவார். அதைவிட, உன் வாயை என் கையால் திறந்துவிட எனக்கு மனசு வரவில்லை. வராமல் அவஸ்தைப்பட்டேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லாமல் நான் ஒரு விஷயத்தை வயிற்றில் வைத்திருந்தது எனக்கே ஆச்சரியம்தான்.

நேற்றுக் காலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பாய். சொல்கிறேன். நீ சீட்டில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய், வெளியில் நடந்ததை நான்தான் பார்த்தேன். மறுபடியும் புதுக் கேம் சாஃப்ட், மறுபடியும் புது டேப்பட், மறுபடியும் உன் மூக்கில் கருப்புப் பசை. அதே பிள்ளையார். இந்தத் தடவை அணைத்து வைத்தே பூசை போடலாமா என்று நான் மெதுவாகக் கேட்டேன். மாமனார், “முறைய மாத்த வேணாம் சம்பந்தி. ஓடட்டும். கத்திக்கிட்டே ஓடட்டும்” என்றார். பெரிய மனசு என்று நினைத்தேன். பெண்ணின் அத்தை, அதாவது அவருடைய அக்கா, முந்தானையால் காதை மூடிக்கொண்டு தயாராக நின்றார்.

நீ ஸ்டார்ட் பண்ணித் தூக்கினாய். தெருவே அதிர்ந்தது. மாமனார் தட்டில் சூடத்தைப் பொருத்தி, வண்டிக்கு முன்னால் ரேடியேட்டருக்கு நேராக நீட்டினார். உள்ளே விசிறி அந்த வேகத்தில் சுற்றினால் காற்றை இழுக்கும் என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சூடத்தின் தீ நாக்கு நீட்டிக்கொண்டு கிரில்லுக்குள் ஒரு சாண் போனது, அணைந்துவிட்டது.

அந்த அத்தை போட்ட சத்தம் என்ஜின் சத்தத்துக்கு மேலே கேட்டது. “அய்யய்யோ, சூடம் அணஞ்சுருச்சே! கொறைக்கச் சொல்லுய்யா! மொதல்ல கொறைக்கச் சொல்லு!” வேனில் வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டினார்கள். மாமனார் ஒரு கையில் அணைந்த தட்டோடு நின்றார். அத்தனை விவரம் தெரிந்தும், அக்கா போட்ட சத்தத்தில், தன்னையறியாமல் மறு கையைத் தூக்கிக் குறைக்கும்படி ஜாடை காட்டினார். நான் கதவுப் படியில் நின்றுகொண்டிருந்தேன். அந்த முகங்களைப் பார்த்தேன். நேராகக் கையை உள்ளே விட்டு என்ஜினை அணைக்கிற கம்பியைப் பிடித்துவிட்டேன். இழுக்க வேண்டியதுதான் பாக்கி.

நீ பட்டென்று என் கையில் அடித்தாய். நன்றாகவே விழுந்தது. “எறங்குங்கப்பா கீழ!” என்றாய். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆக்சிலேட்டரை மிதித்த காலை எடுக்காமல், கத்தினாய்.

“யாரும் கிட்ட வராதீக! மாமா, சூடம் அணஞ்சா திருப்பிப் பொருத்திக்கலாம். இத இப்பக் கொறைச்சா திரும்பி வராது! போன தடவ கொறைச்சுத்தான் போச்சு. தெரிஞ்சேதான் கொறைச்சேன். இந்தத் தடவ கொறைக்க மாட்டேன்!”

சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் தூக்கிவிட்டாய். அதற்குப் பிறகு அந்த இருபது நிமிஷமும் நீ வெளியே பார்க்கவில்லை. முடிந்ததும் அணைத்து, யார் முகத்தையும் பார்க்காமல், சூடு ஆறுவதற்குள் பழைய ஆயிலை இறக்கி, புது ஆயிலை ஊற்றி, வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு லோடு ஏற்றப் போனவன்தான். தேங்காயைக்கூட நீ போன பிறகு வெறும் ரோட்டில் உடைத்தோம்.

நீ பார்க்காமல் விட்டது இது. நீ கத்தி முடித்ததும் மாமனார் அணைந்த சூடத்தைத் தட்டிலிருந்து வழித்துப் போட்டார். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போனார். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், காற்று இழுக்காத இடத்தில், துண்டால் மறைத்துக்கொண்டு இன்னொரு சூடத்தைப் பொருத்தினார். அத்தை ஏதோ சொல்லப் போனார். “பேசாம இருக்கா. மாப்ள சொல்றாகல்ல” என்றார். சூடம் கடைசி வரைக்கும் நின்று எரிந்தது. எல்லோரும் பின் சக்கரத்தைக் கும்பிட்டோம். லாரியின் பின்பக்கத்தைக் கும்பிட்ட கூட்டம் இந்தப் பள்ளத்தாக்கில் நாங்களாகத்தான் இருப்போம்.

வேனில் ஏறுவதற்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சுண்டு விரலைக் காதுக்குள் விட்டு ஆட்டிக்கொண்டே, “காது அடைச்சுப்போச்சு சம்பந்தி. ஆனா மாப்ள சொன்னது நல்லாக் கேட்டுச்சு. ஆவணியிலயே வச்சுக்குவோம். மொத முகூர்த்தத்தப் பாருங்க” என்றார். தெரிந்ததா? நிற்கவில்லை. பத்திரிகை அடிக்க நாளைக்கே கம்பத்துக்குப் போகிறேன். நீ கத்தினது அவருக்கு அவமானம் என்று நீ நினைத்தாய். அவர் அதைக் கேட்கத்தான் தேவாரத்திலிருந்து வந்திருக்கிறார் என்பது உனக்கும் தெரியாது, ஒருவேளை அவருக்குமே அந்த நிமிஷம்வரை தெரியாது.

ஆனால் அவர் உடனே வேனில் ஏறவில்லை, இன்னும் ஒன்று கேட்டார். அதற்காகத்தான் தம்பி உட்கார்ந்து இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். “நான் வெவரம் பத்தாதவன். ரெண்டு தடவயும் கையத் தூக்கிட்டேன். நீங்க எல்லாந் தெரிஞ்சவுக. ஒங்க மகன் சொல்லி, எனக்கே வந்து வெளக்கம் சொன்னவுக. நீங்க ஏன் சம்பந்தி உள்ள கைய விட்டீக?”

கேட்டுவிட்டு அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நேற்று மதியத்திலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா நான் பேசாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு நெற்றியில் கைவைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள்.

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிது. நான் சாமிக்குப் பயப்படவில்லை, சூடத்துக்கும் பயப்படவில்லை. வேனில் வந்தவர்கள் முகம் சுளித்ததும், உனக்கு அமைந்த ஒரு நல்ல இடம் கைவிட்டுப் போகிறதே என்று பயந்தேன். உன் நல்லதுக்காகத்தான் அந்தக் கம்பியைப் பிடித்தேன். இழுத்திருந்தால் உன் என்ஜினும் போயிருக்கும், உன் பேச்சும் போயிருக்கும், அதற்குப் பிறகு அந்த இடமும் போயிருக்கும். பெற்றவர்கள் கையில் இருக்கிற ஆபத்து இதுதான். கெட்ட எண்ணத்தோடு வருகிறவனை நீ தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவாய். உன் நல்லதுக்காகக் கையை நீட்டிக்கொண்டு வருகிறவன் கதவுப் படியிலேயே நின்றுகொண்டிருப்பான், உன்னைத் தூக்கி வளர்த்தவனாகவும் இருப்பான். அவனைத் தடுப்பதுதான் கஷ்டம். உன் முதல் தடவை மௌனத்தை நான் மீன் தொட்டி என்று கிண்டல் பண்ணினேனே, நானும் அதே தொட்டியில்தான் சிரித்துக்கொண்டு நின்றேன். அதற்கு எனக்கு ஒரு சாக்குக்கூடக் கிடையாது.

சுகன்யா வந்த பிறகும் நாங்கள் இப்படித்தான் இருப்போம். உன் அம்மா நல்லதுக்காக ஒன்று சொல்வாள், நான் நல்லதுக்காக ஒன்று செய்வேன். அந்தப் பெண் வந்த புதிதில், அவள் பக்கத்தில் யாரும் இல்லாத அந்த ஆரம்ப நாட்களில், எல்லோரும் கொஞ்சம் மெதுவாகப் போ, சத்தம் போடாதே, பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் உன்னிடம் சொல்வோம். குறைக்காதே. உனக்கு எது சரி என்று தெரிந்ததோ அதில் காலை வைத்து அப்படியே நில். கோபத்தோடு நிற்க வேண்டும் என்று இல்லை, நின்றால் போதும். மரியாதையை நாங்கள் பிறகு பார்த்துக்கொள்கிறோம், எங்களிடம் அது நிறைய இருக்கிறது.

என் கை இப்போது வீங்கித்தான் இருக்கிறது. உன் அம்மா மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறாள், அதனால் இதைப் பெருவிரல் ஒன்றாலேயே தட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்காக நீ வந்து மன்னிப்புக் கேட்டு என்னை அழ வைக்காதே. இன்னொரு தடவை நான் அந்தக் கம்பியில் கை வைத்தால், இதைவிடப் பலமாக அடி.

உன் அப்பா